ஒரே பெயரில் இரண்டு வீடுகள்

வேல்ஸுக்கு நான் போனதில்லை. ஆனாலும் அந்த நாட்டின் சிற்றூர்ப் பெயர்களைக் கேட்டால் இன்றும் அவை வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று என்னால் சொல்ல முடியும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறாம் ஆண்டுகளில் பிராங்பேர்ட்டுக்கு வெளியே ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். கார்க் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வழிகாட்டிக் கருவிகள் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் இருக்கும் வரைபடத்தை நாங்கள் தயாரித்தோம். வுப்பர்டாலில் நில அளவையில் தொழிற்பயிற்சி முடித்து நேரே அங்கே வந்திருந்தேன்.

நாடுகளைப் பங்கிட்டபோது வேல்ஸை யாரும் கேட்கவில்லை. மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் பெயர்கள் ஜேர்மன்காரர்களைச் சலிப்படைய வைத்தன. வாயில் நுழையாத பெயர்களை வாயில் நுழையாத பெயர் உள்ளவர்களிடம் கொடுப்பதே சரி என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். அது எனக்கும் பக்கத்து மேசையிலிருந்த மதுரைக்காரருக்கும் வந்து சேர்ந்தது.

அவரை நான் மதுரை அண்ணா என்று கூப்பிட்டேன். என் பெற்றோரின் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னை மன்னார் என்று கூப்பிட்டார். மன்னாரை நான் கைக்குழந்தையாக விட்டு வந்தவள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கணினி வல்லுநர்களுக்கென்று ஜேர்மனி கொடுத்த ஐந்து வருட அனுமதியில் வந்தவர் அவர். அந்த ஐந்து வருடம் வரும் கோடையில் முடிய இருந்தது. நிறுவனம் புதிய ஒப்பந்தம் கொடுத்தால் அனுமதி நீளும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தார். அதற்கு முன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இம்முறை நீண்ட பயணம் எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிரசவத்துக்கு பிராங்பேர்ட்டிலேயே ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தார்கள். புதிய ஒப்பந்தத்தைப் பற்றி அவர் தினமும் பேசினார் என்றில்லை. ஆனால் பிரிவுத் தலைவர் எங்கள் அறைக்குள் வரும்போதெல்லாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெயர்களைப் புரிந்துகொள்ளாமல் திருத்த முடியாது என்று எனக்குத் தோன்றியதால் வேலையின் முதல் வாரத்திலேயே அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். வேல்ஸ் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் சில துண்டுகளால் ஆனவை. துண்டுகள் பிடிபட்டால் பெயர் ஒரு வாக்கியம்போலத் திறந்துகொள்ளும். அபர் என்றால் ஆறு கடலிலோ இன்னொரு ஆற்றிலோ கலக்கும் இடம். பென் தலை அல்லது முனை. பொன்ட் பாலம், ரோமர்கள் விட்டுப்போன சொல். கயர் கோட்டை, பெரும்பாலும் அதே ரோமர்களுடைய இடிந்த கோட்டை. ப்ரின் குன்று, கோய்ட் காடு, நான்ட் ஓடை, ரீட் ஆற்றை நடந்து கடக்கும் இடம். லான் முதலில் வேலியடைத்த நிலத்தைக் குறித்தது. பிறகு அந்த வேலிக்குள் கோயில் வந்தது, கோயிலைச் சுற்றி ஊர் வந்தது. லான்வையர் என்றால் மரியன்னையின் கோயிலடி. அப்படி லான்வையர்கள் அந்த நாட்டில் எங்கும் கிடக்கின்றன. கோடையில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய்த் தங்கும் குடிலுக்கு ஹாவொட் என்றும், குளிர்காலத்துக்குத் திரும்பி வரும் பள்ளத்தாக்கிலுள்ள பழைய வீட்டுக்கு ஹென்ட்ரே என்றும் பெயர். மாடு ஓட்டுவது நின்று தலைமுறைகள் ஆன பிறகும் இரண்டு பெயர்களும் வரைபடத்தில் இருந்தன.

மதிய உணவின்போது இவற்றைத் தமிழாக்குவது எங்கள் பொழுதுபோக்கு.

"பென்-அ-பொன்ட்," என்பார் அவர், கரண்டியால் என்னைக் காட்டி.

"பாலத்தடி."

"எங்க ஊர்ல பாலத்துக்கிட்டன்னுதான் சொல்லுவோம். அதென்ன எல்லாத்துக்கும் அடி போடறீங்க? ஆலடி, புளியடி, கோயிலடி. அடிதடிக்கார ஊரு."

"உங்கட ஊரிலை எல்லாம் பட்டி. பட்டியிலை மாட்டைத்தான் அண்ணா அடைக்கிறது."

"சரி விடுங்க மன்னார். நாம உக்காந்திருக்கற ஊருக்கு என்ன அர்த்தம்?"

"பிராங்குகள் ஆற்றைக் கடந்த இடம். ஃபுர்ட் எண்டால் ரீட்தான்."

"அப்ப இதுவும் வேல்ஸ்தான். ஆத்தக் கடக்கற இடம். நம்மள மாதிரி கடக்க வந்தவனுக்குன்னே பேரு வச்சிருக்கான்."

வேல்ஸ்காரர்களின் மொழிக்கு உறவான மொழி ஒன்றை ஒரு காலத்தில் தெற்கு ஜேர்மனியிலும் பேசியிருக்கிறார்கள். எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத தவ்பர் ஆற்றின் பெயரும், தண்ணீரைக் குறிக்கும் வேல்ஸ் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று படித்து அவருக்குச் சொன்னேன். அந்த மொழி பேசியவர்கள் இங்கிருந்து எப்படிப் போனார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். "விசா முடிஞ்சிருக்கும்," என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நகல் நீக்கும் கணினி விதியை வேல்ஸுக்கும் எழுதி ஓட்டும்படி மதுரை அண்ணாவிடம் சொன்னார்கள். விதி எளிது. ஒரே உள்ளூராட்சி எல்லைக்குள் ஒரே பெயரில் இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒன்று நகல், பெரிய வீதிக்குப் பக்கத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். ஜேர்மனிக்கு அது பொருந்தியது. இங்கே ஊர்களை இணைத்தால் ஒரே பெயர் கொண்ட தெருக்களில் ஒன்றின் பெயரை மாற்றிவிடுவார்கள். வுப்பர்டாலே பல ஊர்களைச் சேர்த்துச் செய்த நகரம். நான் வளர்ந்த தெருவும் அப்படிப் பெயர் மாறியதுதான். ஒரு பெயருக்கு ஓர் இடம் என்பது இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத விஷயம்.

வேல்ஸில் பண்ணை வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். தெருவும் கிடையாது. கடிதம், மருந்து, விருந்தாளி எல்லாம் வீட்டுப் பெயரைக் கேட்டுத்தான் வந்துசேரும். டீ நெவித் என்றால் புதுவீடு. யாரோ ஒருவர் பழைய வீட்டை விட்டு மேட்டில் ஒன்றைக் கட்டியபோது வைத்த பெயர். கட்டி இருநூறு வருடமானாலும் அது புதுவீடுதான். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு புதுவீடு, அந்தப் பக்கம் ஒரு புதுவீடு. அங்குள்ளவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை.

"இன்னைலேர்ந்து ரெண்டு புதுவீடு இருந்தா ஒண்ணு காலி," என்று அவர் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"அதெப்பிடி அண்ணா? ஒவ்வொரு மலையிலையும் ஒரு புதுவீடு இருக்குமே. மன்னாரிலை எத்தினை ஆலடி எண்டு அம்மாவைக் கேட்டால் விடியும் வரைக்கும் சொல்லுவா."

"எனக்குத் தெரியாதா? மதுரையில பஸ் ஏறி புதூர்னு டிக்கெட் கேட்டா, எந்தப் புதூர்னு கண்டக்டர் மொறைப்பான்."

"அப்ப நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"பாஸ்கிட்ட பேசறேன்."

சில நாள் கழித்து, சமையலறைத் தொட்டியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பேசிட்டேன். மொதல்ல ரிலீஸ், எக்ஸெப்ஷன் எல்லாம் அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்னுட்டாரு." தலைவர் அப்படிப் பேசக்கூடியவர்தான். கதவு நிலையில் சாய்ந்து நின்று, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்தில் எதுவும் இல்லாமல் முடிவுகளைச் சொல்லிவிட்டுப் போவார். நான் தலையை ஆட்டினேன். விதி ஓடியது. புதிய வரைபடம் வெளியானது.

வசந்தத்தில் எங்கள் பிரித்தானியக் கிளையிலிருந்து தொலைபேசி வந்தது. வேல்ஸின் நடுப்பகுதியில், விடுமுறை நாளொன்றில், மூச்சு முட்டிய ஒரு முதியவருக்காக அவருடைய மகள் அழைப்பு எடுத்திருக்கிறார். அன்று முறையில் இருந்த டாக்டர் அந்தப் பகுதிக்குப் புதியவர். கருவியில் வீட்டுப் பெயரை அடித்திருக்கிறார். ஒரேயொரு டீ நெவித் வந்தது. வேறு ஒன்று இருக்கக்கூடும் என்று சந்தேகிக்க அதில் எதுவும் இல்லை. மலையின் மறுபக்கத்தில், கோடைக்கு மட்டும் வாடகைக்கு விடும் பூட்டிய வீடு ஒன்றின் கதவை அவர் தட்டிக்கொண்டிருந்தபோது முதியவர் இறந்துபோனார்.

கிளையில் இருந்தவரும் வேல்ஸ்காரர். அந்த முதியவரை ஊரில் வீட்டுப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். புதுவீட்டுக்காரர். தொலைபேசியை எடுத்த மதுரை அண்ணாதான் என்னிடம் சொன்னார். சொல்லும்போதே விதியின் கோப்பைத் திரையில் திறந்தார். மேலே, எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடம் காலியாக இருந்தது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எஸ்-பான் ரயில் நிறுத்தம்வரை அவர் என்னோடு நடந்து வந்தார். வழக்கமாக அவர் போவது வேறு பக்கம்.

"மன்னார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கோ."

"பாஸ்கிட்ட நான் சொன்னப்ப நீங்களும் இருந்தீங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். அவர் இல்லைங்கறார். நான் ஆமாங்கறேன். இன்னொருத்தர் சொன்னா போதும்."

"நான் அங்கை நிக்கேல்லையே அண்ணா."

"நான் சொன்னது நிஜம். நீங்க இருந்தீங்கங்கறது மட்டும்தான் இல்ல."

ரயில் வந்தது. யோசிக்கிறன் என்றேன். அவர் கையை உயர்த்திவிட்டுத் திரும்பி நடந்தார்.

வார இறுதியில் வுப்பர்டாலுக்குப் போனேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து சீருடையோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. முழுவதையும் கேட்டா.

"ஓம் எண்டு சொல்லன்," என்றா கடைசியில். "ஒரு சொல்லுத்தானே."

"அம்மா, நான் அந்த அறையிலை இல்லை."

அம்மா கத்தியை வைத்தா. "உன்ரை அப்பாவை ஆமி பிடிச்சதைத் தான் கண்டதெண்டு ஒருத்தன் இஞ்ச எழுதிக் குடுத்தவன். அதாலைதான் எங்கட கேஸ் வெண்டது. பிடிச்சது உண்மை. ஆனால் அவன் அண்டைக்குக் கொழும்பிலை. அவனும்தான் அங்கை நிக்கேல்லை."

எனக்கு அது தெரியாது. வீட்டில் அகதி வழக்கைப் பற்றிப் பேசுவது குறைவு. டெர்மின் என்ற தவணை, வக்கீல், ஹைம் என்ற அகதி விடுதி என்று சொற்கள் மட்டும் வந்துபோகும்.

"அந்தாளை உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஹைமிலை பக்கத்து அறை. ஊரைக் கேட்டான், சொன்னம். அதுக்குமேலை ஒண்டும் கேக்கேல்லை."

அப்பா முன்னறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியைக் குறைத்தார். ஆனால் எழுந்து வரவில்லை. ஞாயிறு பூசையில் அம்மா வழக்கத்தைவிட நீண்ட நேரம் முழங்காலில் இருந்தா.

திரும்பும் ரயிலில் சாதகமும் பாதகமும் எழுதிப் பார்த்தேன். என் பழக்கம் அது. ஒரு பக்கம் நிரம்பியது: அவர் மனைவி, பிள்ளை, என் அப்பாவின் வழக்கு, தலைவர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர் என்பது. மறுபக்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு மனிதர் இறந்திருக்கிறார். எந்த மேசையில் எது நடந்தது என்று அவருடைய மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் நான் நிற்காத ஓர் இடத்தில் என்னை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

விசாரணை அறையில் தலைவர், ஆளணிப் பிரிவுப் பெண், ஊழியர் சபையிலிருந்து ஒருவர், மதுரை அண்ணா. எனக்கு ஒரு நாற்காலி விட்டிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக இருந்தன.

வேல்ஸில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் என்பது விதி ஓடுவதற்கு முன்பே உங்கள் அறையில் தெரிந்திருந்ததா என்று ஆளணிப் பெண் கேட்டார்.

தெரிந்திருந்தது என்றேன். ஏன் அப்படி வருகிறது என்றும் விளக்கினேன். அங்கே பெயர் என்பது முகவரி அல்ல. வீட்டின் முன்னால் நிற்பவர் கண்டதைச் சொல்வது. பாலம் உள்ள இடமெல்லாம் பாலத்தடி, புதிதாகக் கட்டியவரெல்லாம் புதுவீடு. பக்கத்து மலையில் இன்னொருவர் அதையே சொல்கிறார் என்பது பெயர் வைத்தவருக்கு ஒரு கவலையே அல்ல. ஊழியர் சபை மனிதர் ஆர்வத்தோடு கேட்டார். நான் நன்றாக விளக்குகிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியமும் மதுரை அண்ணாவின் தலையில்தான் இறங்குகிறது என்பது பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தே அழித்தவர் ஆகிவிட்டார்.

பிரிவுத் தலைவரிடம் இந்தச் சிக்கலைச் சொன்னபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா என்பது அடுத்த கேள்வி.

மதுரை அண்ணா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "சொன்னதாக அவர் அப்போதே எனக்குச் சொன்னார். அவர் பொய் சொல்பவர் அல்ல."

"அவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம்," என்றார் தலைவர், குரலை உயர்த்தாமல். "என்னிடம் சொல்லவில்லை."

மதுரை அண்ணாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. ஒப்பந்தத்தை நீட்டவில்லை, அவ்வளவுதான். வேறு நிறுவனங்களில் கேட்டுப் பார்த்தார். அவருடைய அனுமதிச் சீட்டில் எஞ்சியிருந்த காலத்தைப் பார்த்துவிட்டு யாரும் இரண்டாவது முறை அழைக்கவில்லை. வெளிநாட்டவர் அலுவலகம் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, வேலைக்கான ஒப்பந்தம் எங்கே என்று கேட்டது. கருவுற்ற பெண்களை ஒரு கட்டத்துக்குமேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அந்தக் கட்டத்துக்கு முன்பாக அவர்கள் போயாக வேண்டியிருந்தது.

அழித்த புள்ளிகளைத் திரும்ப வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். இயந்திரத்தை நம்ப வேண்டாம், கையால் செய் என்றார் தலைவர். பழைய தாள் வரைபடங்களையும் வான்படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தேன். மேல் குன்று, கீழ்க் குன்று. கறுப்பு ஓடை. ஆலையடி. இன்னொரு ஆலையடி. முதியவரின் வீட்டையும் கண்டேன். ஒரு நீளமான கூரை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, கொட்டகைவரை வந்து நின்றுவிடும் மண்பாதை. படம் எடுத்த அன்று முற்றத்தில் ஒரு வாகனம் நின்றது. புள்ளியைக் கூரையின் மேல் வைத்து, பெயரை எழுதி, அடுத்ததற்குப் போனேன். மதுரை அண்ணா பக்கத்து மேசையில் தன் கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வருது?" என்றார் திரும்பாமலே.

"ஹென்ட்ரே. பழைய வீடு."

"ம்," என்றார். அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் அவர் கேட்கவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்கு நானும் போனேன். அவர் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டிகள் அதிகம், மனைவி எதையும் தூக்கக் கூடாது. எஸ்-பானில் நான் ஒரு பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் மனைவியை அதற்கு முன் இரண்டொரு முறைதான் கண்டிருக்கிறேன். என்னைவிட ஓரிரு வயதே மூத்தவர். ஒரு முறை எனக்கென்று தனியாக எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பியவர். அன்று யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெட்டிகளை ஒப்படைக்கும் வரிசை நீளமாக இருந்தது. கர்ப்பிணிக்கான மருத்துவச் சான்றிதழைக் காட்டச் சொன்னதால் மதுரை அண்ணா மட்டும் அதை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நானும் அவருடைய மனைவியும் கைப்பெட்டியோடு தூணோரம் நின்றோம்.

"நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களாமே," என்றார் அவர்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அவரு பாஸ்கிட்ட பேசறப்ப. கையில ஃபைலோட கதவுகிட்ட நின்னீங்கன்னு சொன்னார். நின்னுட்டு அப்புறம் இல்லன்னுட்டீங்கன்னு." குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். "எனக்கு நிஜத்தச் சொல்லுங்க. இவரு எங்கிட்ட பொய் சொல்றாரா? ஊருக்குப் போய் இவர நம்பித்தான் நான் பெத்துக்கணும்."

மதுரை அண்ணா சான்றிதழை நீட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். எட்டும் தூரம்தான். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்டிருக்கலாம். அவர் அசையவில்லை.

"ஓம்," என்றேன். "நிண்டனான்."

"ஃபைலோட?"

"ஓம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"என்ரை வேலை போயிடும் எண்டு பயம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கேட்டதை உள்ளே எங்கோ அடுக்கிவைப்பவர்போலத் தலையை அசைத்தார். முகத்தில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்ததைக் கண்டேன். எனக்காக அல்ல.

"அந்தப் பெட்டியக் கொடுங்க," என்றார்.

"பாரம். நான் கொண்டு வாறன்."

"வேணாம். கொடுங்க."

கொடுத்தேன். அதை உருட்டிக்கொண்டு கணவனிடம் போனார், போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.